கடல் பாம்பு கடித்தால் சிறுநீர் ஏன் கறுக்கிறது?

கடல் பாம்புக் கடியில் முதலில் ஒன்றுமே நடக்காது. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் கையிலோ, முழங்காலளவு தண்ணீரில் இறங்கிய காலிலோ சுருக்கென்று ஒரு குத்து. மீன் முள்ளா, பாம்பின் பல்லா என்றுகூடத் தெரியாது. வீக்கம் இல்லை, எரிச்சல் இல்லை. பெரும்பாலான கடிகள் அத்தோடு முடிந்தும் விடுகின்றன, ஏனென்றால் பாம்பு பல முறை நஞ்சை இறக்காமலே கடித்துவிட்டுப் போய்விடுகிறது. நஞ்சு இறங்கியிருந்தால் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் நிலைமை மாறும். கழுத்தும் முதுகும் தொடையும் வலிக்கத் தொடங்கும். தாடை இறுகி வாய் திறக்க வராது. படுத்திருப்பவரின் கையை வேறொருவர் மெல்லத் தூக்கினாலே அவர் துடித்துப்போவார். இன்னும் சில மணி நேரம் கழித்துச் சிறுநீர் செம்பழுப்பாகி, பிறகு ஏறக்குறைய கறுப்பாகவே வெளியேறும்.

சிறுநீரகத்தில் புண்ணாகி இரத்தம் கசிகிறது என்று நினைக்கத் தோன்றும். அது இரத்தம் இல்லை. உடைந்துபோன தசையின் சரக்கு.

இதை உலக மருத்துவத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்ன ஊர் மலேசியாவின் பினாங்கு என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. 1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் எச். ஏ. ரீட், பாம்புக்கடியோடு வந்த மீனவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெழுதியவர். கடல் பாம்பு நாகத்தின் உறவுக்காரப் பாம்பு; ஆகவே அதன் நஞ்சும் நரம்பைத் தாக்குவதுதான் என்பது அன்றைய பாடம். ஆய்வுக்கூட விலங்குகள் மூச்சு நின்று செத்ததும் அந்தப் பாடத்தை உறுதிப்படுத்தியது. ரீட் கண்ட மனிதர்கள் வேறு விதமாக இருந்தார்கள். அவர்களுக்கு அசைய முடியவில்லை என்பதோடு, அசைத்தால் வலித்தது. நரம்பு மட்டும் செயலிழந்த கை தொய்ந்து கிடக்கும், வலிக்காது. இறந்தவர்களின் எலும்புத் தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கங்கே தசை இழைகள் செத்துக் கிடந்தன. 1956லும் 1961லும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, கடல் பாம்பு நஞ்சு மனிதத் தசையை அழிக்கும் நஞ்சு என்ற வரி பாடப்புத்தகத்தில் ஏறியது.

அந்தக் கடிகளில் பெரும்பங்கு ஒரே இனத்துடையது. தமிழ்நாட்டுக் கரையில் அதை வலக்கடியன் என்பார்கள். மேல் தாடையின் நுனி அலகாகக் கீழே வளைந்திருக்கும். கலங்கிய, ஆழமில்லாத கடலில் கெளுத்தி மீனைத் தின்று வாழும். பினாங்குக் கடலுக்கும் தமிழ்நாட்டுக் கடலுக்கும் பொதுவான பாம்பு இது.

தசை எப்படி உடைகிறது என்று பார்க்கும் முன், தசை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் தசை என்று சொல்வது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு தனி உயிரணு. முடியின் பருமன்கூட இராது. நீளமோ சில இழைகளில் பல சென்டிமீட்டர். இழையைச் சுற்றி ஒரு சவ்வு உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று அமைந்த அந்தச் சவ்வின் தடிமன் சில நேனோமீட்டர்தான். ஒரு நேனோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சவ்வுக்கு வெளியே, அதை ஒட்டி, புரதங்களாலான ஓர் உறை இருக்கிறது. அதற்கு அடித்தள உறை என்று பெயர். பின்னால் அது முக்கியமான வேலை செய்யப்போவதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இழையின் உள்ளே இரண்டு வகைப் புரதக் கம்பிகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுத்தால் தசை சுருங்கும். இழு என்று உத்தரவு கொடுப்பது கால்சியம். உத்தரவு எப்போதும் தயாராக இருக்க வேண்டும், ஆனால் வேண்டாத நேரத்தில் வந்துவிடவும் கூடாது. அதற்காக ஓய்வில் இருக்கும் தசை இழை, தன்னுள்ளே கட்டற்றுத் திரியும் கால்சியத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்கிறது. வெளியே உள்ள திரவத்தில் அதைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு கால்சியம் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்ற, சவ்விலும் உள்ளறைகளிலும் இருக்கும் புரத இறைப்பான்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. நாம் சாப்பிடும் சோற்றின் ஒரு பகுதி இதற்கே செலவாகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் எல்லாரும் பார்த்திருக்கும் பச்சையும் மஞ்சளுமான விரியனின் நஞ்சில் வேக்லெரின் என்றொரு சிறு புரதத் துண்டு இருக்கிறது. இருபத்து சொச்சம் அமினோ அமிலங்கள்தான் அதன் நீளம். நரம்பு தசையோடு சேரும் இடத்தில், நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பியில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். செய்தி வந்தாலும் தசைக்குக் கேட்காது. எலிகளில் செய்த ஆய்வில் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களை அந்தப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான். இப்படிச் செய்தியை மட்டும் தடுக்கும் நஞ்சால் தசை இழைக்கு ஒரு கீறலும் விழாது. நஞ்சு விலகினால் தசை பழையபடி வேலை செய்யும். செயலிழப்பு வேறு, அழிவு வேறு. கடல் பாம்பின் நஞ்சில் இரண்டுக்குமான சரக்கு இருக்கிறது என்பதால்தான் பழைய ஆய்வாளர்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் தவறவிட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வலக்கடியனின் நஞ்சைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் புரதத்தில் சுமார் 70 விழுக்காடு ஏற்பியை அடைக்கும் வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. கால் பங்கைச் சற்றே தாண்டிய மீதியில் இருந்ததுதான் தசையைக் கெடுக்கும் குற்றவாளி.

அதன் பெயர் பாஸ்போலைபேஸ் ஏ2. பெயர் நீளமே தவிர வேலை எளிது: சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூற்றின் இரண்டு வால்களில் ஒன்றை வெட்டிவிடும் நொதி அது. நம் கணையமும் இதே குடும்பத்து நொதியைச் சுரந்து சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்கிறது. பாம்பு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா விலங்குகளிடமும் இருக்கும் ஒரு செரிமானக் கருவியைச் சற்றே திருத்தித் தன் பல்லில் வைத்துக்கொண்டது. சுமார் 120 அமினோ அமிலங்களாலான இந்த நொதி தசை இழையின் சவ்வில் ஒட்டி வெட்டத் தொடங்கினால், வால் போன கொழுப்பு மூலக்கூறுகள் வரிசையில் ஒழுங்காக நிற்காது. நெருக்கம் தளரும். சவ்வில் கசிவு விழும்.

வெட்டாமலே கெடுக்கும் உறவினர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. 1984இல் அமெரிக்க விரியன் ஒன்றின் நஞ்சில் வினோதமான ஓர் ஏ2 நொதி கிடைத்தது. நொதியின் 49ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் லைசின் இருந்தது. அந்த ஓர் இடம் மாறியதால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள முடியாமல் வெட்டும் திறனே போய்விட்டது. ஆனாலும் தசையைக் கொன்றது. மத்திய, தென் அமெரிக்க விரியன்களில் இதே வகை ஏராளமாகக் கிடைத்ததால், கோஸ்டாரிக்காவின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதைத் துருவினார்கள். மூலக்கூற்றின் வால் முனையில் நேர்மின்னூட்டமும் கொழுப்போடு ஒட்டும் தன்மையும் சேர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. அது சவ்வுக்குள் நுழைந்து வரிசையைக் குலைக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. கத்தி மழுங்கியும் காரியம் கெடவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

வெட்டினாலும் குலைத்தாலும் அடுத்து நடப்பது ஒன்றே. சவ்வு கசிந்ததும், வெளியே 10,000 மடங்கு செறிவில் காத்திருந்த கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்த இடத்திலிருந்து நஞ்சுக்கு அதிக வேலை இல்லை. மீதியைத் தசை தானே செய்துகொள்கிறது.

முதலில் சுருக்கம். இழு என்ற உத்தரவு ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் புரதக் கம்பிகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இழையின் ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சுருங்க, பக்கத்துப் பகுதி கிழிகிறது. நுண்ணோக்கியில் நல்ல தசை இழை ஒழுங்கான குறுக்குக் கோடுகளோடு தெரியும். நஞ்சு ஏறிய இழையில் கோடுகளைக் காணோம். அடர்ந்து கறுத்த கட்டிகள் சில இடங்களில். அவற்றுக்கு நடுவே வெளிறிய வெற்றிடம். விளிம்பில் முக்கோண வடிவில் வெளுத்த பகுதிகளும் தெரியும். சவ்வு முதலில் கிழிந்த இடங்கள் அவை.

இரண்டாவது, உள்ளிருக்கும் கத்திகள். தசை இழைக்குள் கால்பைன் என்ற புரதம் வெட்டும் நொதி எப்போதும் உறங்கிக் கிடக்கும். தேய்ந்துபோன புரதத்தை அப்புறப்படுத்துவது அதன் அன்றாட வேலை. கால்சியம் பெருகினால் அது விழித்துக்கொண்டு நல்ல புரதத்தையும் வெட்டத் தொடங்குகிறது. தசைக்குச் சொந்தமான கொழுப்பு வெட்டும் நொதிகளும் விழித்து, ஏற்கெனவே ஓட்டையான சவ்வை உள்ளிருந்து அரிக்கின்றன. மூன்றாவது, உயிரணுவுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா. ஏறிவரும் கால்சியத்தை அவை தம்முள் இழுத்து அடக்கப் பார்த்து, தாங்க முடியாமல் வீங்கிப் பழுதாகின்றன. அவை நின்றால் ஆற்றல் நின்றது. ஆற்றல் நின்றால் கால்சியத்தை வெளியே தள்ளும் இறைப்பான்களும் நின்றன. புரதக் கம்பிகள் ஒன்றையொன்று விடுவதற்கும் அதே ஆற்றல் தேவை என்பதால், பற்றிய பிடி பற்றியபடியே இறுகிவிடுகிறது.

சில மணி நேரத்தில் இழை செத்துவிடும். உள்ளே இருந்ததெல்லாம் இரத்தத்தில் கலக்கும். மருத்துவருக்குக் கவலை தருவது முக்கியமாக மூன்று பொருள்கள்.

பொட்டாசியம்தான் அவசரம். உடம்பின் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பெரும்பங்கு தசையில். இரத்தத்தில் லிட்டருக்கு 5 மில்லிமோலுக்கு மேல் ஏறினாலே கவனிக்க வேண்டும். தசை மொத்தமாக உடைந்தால் அது வேகமாக ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும், நிறுத்தியும் விடும். பாம்பு கடித்தவருக்கு ஏன் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்கிறார்கள் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. காரணம் இது.

கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி தீங்கு செய்யாது, அது அளவுகோல். சாதாரணமாக ஒருவரின் இரத்தத்தில் லிட்டருக்கு ஒன்றிரண்டு நூறு அலகு இருக்கும். தசை பெரிய அளவில் அழிந்தால் பல்லாயிரங்களுக்குப் போகும். எவ்வளவு தசை போயிற்று என்பதை அதைக் கொண்டு ஊகிக்கலாம்.

மூன்றாவது, கறுப்பின் காரணம்: மயோகுளோபின். தசைக்குள் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் சிவப்புப் புரதம் அது. இறைச்சியின் சிவப்பும் அதுவே. உருவத்தில் சிறியதாகையால் சிறுநீரக வடிகட்டியில் எளிதாகப் புகுந்துவிடும். சிறுநீரில் அதை அடையாளம் காணும் முறை அழகானது. சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்தால், இரத்தம் இருப்பதாகச் சொல்லிப் பட்டை நிறம் மாறும். அதே சிறுநீரைச் சுழற்றித் தெளியவைத்து, அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூடத் தட்டுப்படாது. பட்டை இரத்தம் என்கிறது, நுண்ணோக்கி இல்லை என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை: பட்டைக்குத் தெரிந்தது இரும்பைச் சுமக்கும் ஹீம் என்ற நிறமி மட்டும்தான், அது இரத்தத்திலிருந்து வந்ததா தசையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. சிவப்பணு உடைந்தாலும் இதே முடிவு வரலாம் என்பதால் இரத்தத்தின் மேல்நீரையும் பார்ப்பார்கள். சிவப்பணு உடைந்திருந்தால் அது சிவந்திருக்கும். தசை உடைந்திருந்தால் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இந்த மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கவும், குழாய்ச் சுவரைப் புண்ணாக்கவும் செய்கிறது. அதனால்தான் இரத்தக் குழாய் வழியாக நிறையத் திரவம் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டால் டயாலிசிஸ்.

கடலை விட்டுக் கரையேறினால் வேறு விதமான அழிவு காத்திருக்கிறது. செபராங் பிறை, கெடா, பெர்லிஸ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாம்பு, மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்று சொல்லும் மலாயாக் குழிவிரியன். சருகின் நிறத்தில் சருகுக்குள் கிடக்கும். காலடி நெருங்கினாலும் நகராது. விடிவதற்கு முன் மரத்தடிக்குப் போகிறவர் மிதித்துவிட்டால் கடிக்கும். இங்கே வலியும் வீக்கமும் உடனே. கொப்புளம் எழும், தோல் கறுக்கும், சிலருக்கு விரலோ தசையின் ஒரு பகுதியோ அழுகிப் போகும். உடம்பு முழுக்க அல்ல, கடித்த காலில் மட்டும்.

வித்தியாசம் ஆயுதத்தில் இருக்கிறது. இந்த விரியனின் நஞ்சிலும் ஏ2 நொதிகள் உண்டு. ஆனால் துத்தநாகத்தைத் தாங்கிய புரதவெட்டி நொதிகள் அதில் ஓங்கி நிற்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் அடித்தள உறையை அவை அறுக்கின்றன. குழாய் பலவீனமாகி இரத்தத்தின் அழுத்தத்தாலேயே வெடிக்கிறது. திசுவில் இரத்தம் தேங்குகிறது. தசைக்கு வர வேண்டிய பிராணவாயு வருவதில்லை. ஆக, தசை இரண்டு வழியாகச் சாகிறது: நேரடியாகச் சவ்வு கிழிந்து ஒரு பங்கு, சோறு தண்ணீர் நின்றுபோய் ஒரு பங்கு. இதே பாம்பின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வதை ரீட் கவனித்து எழுதியதன் தொடர்ச்சியாக ஆங்க்ரோட் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து பிறந்தது தனிக் கதை.

நாகமும் தசையைக் கெடுக்கும். அதன் நஞ்சில் உள்ள சைட்டோடாக்சின் என்ற புரதங்கள், அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள், நொதியே அல்ல. மூன்று விரல் நீட்டிய வடிவில் இருக்கும் அவை, விரல் நுனிகளைச் சவ்வுக்குள் செருகித் துளை போடுகின்றன. நாகம் தீண்டிப் பிழைத்தவரின் கையில் காலமெல்லாம் தெரியும் தழும்புக்கு அவையே பெரும் காரணம்.

இவ்வளவும் தெரிந்தபின், விஷமுறிவு மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தானே விளங்கும். குதிரையின் உடம்பில் உருவாக்கி எடுத்த எதிர்ப்புரதங்கள் அவை. இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கிழிந்த சவ்வைத் தைக்காது. உள்ளே பாய்ந்துவிட்ட கால்சியத்தை வெளியே கொண்டுவராது. கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் வலக்கடியனின் நஞ்சைக் கொண்டு தயாராகிறது. குழிவிரியனுக்கானது பாங்காக்கிலிருந்து வருகிறது. எது கிடைத்தாலும் நேரம் கடந்து கொடுத்தால் பாதிப் பயன்தான். ஏ2 நொதியையே நேராக அடைக்கும் வரெஸ்ப்ளாடிப் என்ற மாத்திரை, முன்பு இதய நோய்க்காகச் சோதிக்கப்பட்டது, பிறகு பாம்புக்கடிக்காகவும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. வாயில் போடும் மருந்து என்பதால் படகிலும் தோட்டத்திலும் கொடுக்க வழியுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பாம்புக் கல் வைப்பது எல்லாம் வீண் மட்டுமல்ல, விரியன் கடித்த காலில் கயிறு கட்டினால் பட்டினி கிடக்கும் தசையின் கழுத்தையும் நெரிக்கிறோம். மோதிரம், மெட்டி, வளையலை உடனே கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மலேசிய அவசர எண்ணான 999க்கு அழைப்பதே வேலை. கடல் பாம்பு கடித்தவரை வலி இல்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியாக, பலர் வியக்கும் ஒரு முரண். உடம்பு முழுக்கத் தசை அழிந்த கடல் பாம்பு நோயாளி, பிழைத்துவிட்டால், வாரங்களோ மாதங்களோ கழித்துப் பெரும்பாலும் பழைய பலத்தோடு எழுந்து நடக்கிறார். ஒரே ஒரு விரலில் கடிபட்ட விரியன் நோயாளிக்கு அந்த விரல் அழுகிப்போனால் திரும்புவதில்லை. நினைவில் வைக்கச் சொன்ன அடித்தள உறையில் இருக்கிறது விடை. தசை இழையின் சவ்வுக்கும் அந்த உறைக்கும் நடுவே துணை அணுக்கள் என்ற சிறு உயிரணுக்கள் சும்மா படுத்திருக்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இழை செத்ததும் அவை விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து புதிய இழையாகின்றன. ஏ2 நொதி சவ்வைக் கிழிக்கிறதே தவிர வெளி உறையைத் தொடுவதில்லை. பாகல் கொடி பட்டுப்போனாலும் பந்தல் நிற்கிறது; புதுக்கொடி அதே கம்பைப் பற்றி ஏறிவிடும். விரியனின் புரதவெட்டியோ பந்தலையே சாய்க்கிறது. பற்றிக்கொள்ள உறையும் இல்லை, ஊட்ட இரத்தக் குழாயும் இல்லை என்றால் துணை அணுக்கள் என்ன செய்யும்? அந்த இடத்தில் தசை வளராமல் தழும்புத் திசு நிரம்புகிறது.

ஆய்வுக்கூடங்கள் இந்த வேறுபாட்டை வெகுநாளாகவே பயன்படுத்தி வருகின்றன. தசை எப்படித் திரும்ப வளர்கிறது, தசைச் சிதைவு நோயில் அது ஏன் தடைபடுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள், எலியின் காலில் ஆஸ்திரேலியப் புலிப் பாம்பின் நோடெக்சின் என்ற ஏ2 நொதியையோ நாகத்தின் சைட்டோடாக்சினையோ அளவாகச் செலுத்துகிறார்கள். உறையும் நரம்பும் குழாய்களும் தப்பிவிட, இழை மட்டும் சாகிறது. மூன்று நான்கு வாரங்களில் எலியின் தசை ஏறத்தாழ முழுதாக வளர்ந்துவிடுகிறது. புதிய இழையை அடையாளம் காண்பதும் எளிது: பழைய இழையில் உட்கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், புதியதில் நட்டநடுவே நிற்கும்.